கொலோன் தீர்ப்பை நம்பி மனைவிமீது புகார் கொடுக்கலாமா?

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் பொறியாளராக வேலை பார்க்கும் ஒரு தந்தை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 36 வயது. தஞ்சை மாவட்டத்து ராவுத்தர் (தமிழ் முஸ்லிம்) குடும்பம். மனைவியும் அதே பக்கத்துக்காரர். மகனுக்கு ஐந்தரை வயது. செப்டம்பரில் முதல் வகுப்பில் சேர வேண்டும். ஜூலைக் கடைசியில் ஊருக்குப் போக மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. மைத்துனரின் இரண்டு மகன்களோடு தன் மகனையும் சேர்த்து மார்க்கக் கல்யாணம், அதாவது ஆண்குறியின் முன்தோலை நீக்கும் சுன்னத் விழா நடத்த மாமனார் மண்டபம் பேசி முன்பணமும் கொடுத்துவிட்டார் என்பது அவருக்குப் போன மாதம்தான் தெரியவந்திருக்கிறது. மனைவிக்கு முன்பே தெரியும்.

ஏழு வயதில் தனக்கு நடந்ததை அவரால் மறக்க முடியவில்லை. புதுச் சட்டை, கழுத்தில் மாலை, காரில் ஊர்வலம். வீட்டுக்கு வந்ததும் கவிழ்த்துப் போட்ட உரலில் உட்காரவைத்து, மாமா பின்னாலிருந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “மேலே பார், கிளி பறக்கிறது” என்றார் சுன்னத் செய்யும் ஒஸ்தா. பையன் அண்ணாந்து பார்த்தான். பிறகு விட்டத்தில் கயிறு கட்டி, புண்ணில் உரசாமல் வேட்டியைத் தூக்கிக் கட்டி, பாயில் படுக்கவைத்தார்கள். “புண் பத்து நாளில் ஆறிவிட்டது. என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதும், அத்தா (அப்பா) வாசலிலேயே நின்றுவிட்டார் என்பதும் இன்னும் ஆறவில்லை” என்று எழுதுகிறார்.

ஓர் ஆண்டாக, சிறுவர்களின் சம்மதமில்லாமல் சுன்னத் செய்வதைச் சட்டத்தால் தடுக்க வேண்டும் என்று கோரும் அமைப்பு ஒன்றில் இருக்கிறார். அவர் கேட்பவை: கொலோன் நீதிமன்றம் 2012இல் இதைக் குற்றம் என்று சொல்லிவிட்டதே, அதை வைத்து மனைவிமீதும் மாமனார்மீதும் போலீஸில் புகார் கொடுக்கலாமா? சிறார் நல அலுவலகத்துக்கு எழுதிப் பையனைக் காப்பாற்றச் சொல்லலாமா? மே 7 அன்று கொலோனில் நடக்கும் கூட்டத்தில் மகனையும் மேடையேற்றிப் பேசினால் குடியுரிமை விண்ணப்பத்துக்குப் பாதகம் வருமா? தனக்குச் செய்தவர்கள்மீது இப்போது வழக்குப் போட முடியுமா?

அன்புள்ள சகோதரருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் உங்கள் சக்தியைச் செலவழிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். உங்களுக்குச் சுன்னத் நடந்தபோது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு நடைமுறையில் இருந்தது. 12 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் நன்மைக்காக, பெற்றோரின் சம்மதத்தோடு, நல்லெண்ணத்தில் செய்த செயலை அது குற்றமாகக் கருதவில்லை. அந்த ஒஸ்தாவும் உங்கள் மாமாவும் நன்மை செய்கிறோம் என்று நம்பித்தான் செய்தார்கள். வழக்கு நிற்காது. அதனால் உங்கள் வருத்தம் பொருளற்றது என்று ஆகிவிடாது. அது உண்மையானது, அதைப் பேச ஒரு மனநல ஆலோசகர் நீதிமன்றத்தைவிடப் பொருத்தமானவர்.

கொலோன் தீர்ப்பு எங்கே நிற்கிறது?

நீங்கள் நம்பியிருக்கும் தீர்ப்பு உங்களுக்கு உதவாது. கடிதத்தில் நான் திருத்த வேண்டிய முக்கியமான தவறு இதுதான்.

2010 நவம்பரில் கொலோன் நகர மருத்துவர் ஒருவர், முஸ்லிம் பெற்றோர் கேட்டதன்பேரில் நான்கு வயதுச் சிறுவனுக்குச் சுன்னத் செய்தார். இரண்டு நாள் கழித்து ரத்தப்போக்கு ஏற்பட்டு, பிள்ளையை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். அரசுத் தரப்பு மருத்துவர்மீது வழக்குத் தொடர்ந்தது. கீழ்நீதிமன்றம் விடுதலை செய்தது. 2012 மே 7 அன்று கொலோன் மாவட்ட நீதிமன்றமும் விடுதலைதான் செய்தது. ஆனால் சொன்ன காரணம் வேறு. அறுவை முறைப்படியே நடந்திருந்தாலும், மருத்துவத் தேவையில்லாமல் சிறுவனின் உடலில் செய்தது காயம் விளைவித்தலே, பெற்றோரின் சம்மதம் அதை நியாயப்படுத்தாது என்றது. சட்டநிலை தெளிவாக இல்லாததால் மருத்துவருக்கு அது குற்றம் என்று தெரிந்திருக்க வழியில்லை, ஆகவே தண்டனை இல்லை என்றும் சொன்னது. மற்ற நீதிமன்றங்கள் பின்பற்றியே ஆக வேண்டிய தீர்ப்பும் அது இல்லை.

ஜூன் கடைசியில் தீர்ப்பு வெளியே தெரிந்ததும் ஜெர்மனி கொந்தளித்தது. யூத அமைப்புகளும் முஸ்லிம் அமைப்புகளும் ஒரே குரலில் எதிர்த்தன. யூதர்களைக் கொன்று குவித்த நாடு யூத வழக்கம் ஒன்றைக் குற்றமாக்குகிறதே என்ற கேள்வி உலகெங்கும் எழுந்தது. ஜூலை 19 அன்றே நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவரும்படி அரசைக் கேட்டது. டிசம்பர் 12 அன்று 434 பேர் ஆதரவாகவும் 100 பேர் எதிராகவும் வாக்களிக்க, சிவில் சட்டத் தொகுப்பில் 1631டி என்ற புதுப் பிரிவு சேர்ந்தது. டிசம்பர் 28 முதல் நடைமுறையில் இருக்கிறது. தானே முடிவெடுக்கும் பக்குவம் வராத மகனுக்கு, மருத்துவத் தேவை இல்லாவிட்டாலும், மருத்துவ விதிமுறைப்படி நடக்கும் சுன்னத்துக்குப் பெற்றோர் சம்மதம் தரலாம் என்கிறது அது. பிறந்து ஆறு மாதம் வரை, மதச் சமூகம் நியமித்த, தகுந்த பயிற்சி பெற்றவர் மருத்துவராக இல்லாவிட்டாலும் செய்யலாம். குழந்தையின் நலனுக்குக் கேடு என்றால் மட்டும் இந்த அனுமதி கிடையாது.

அந்தத் தீர்ப்புக்கு முன் ஜெர்மன் சட்டத்தில் இதற்கு வெளிப்படையான அனுமதி எங்கும் எழுதியிருக்கவில்லை. தீர்ப்பு வந்த பிறகுதான் அனுமதி சட்டமாகவே ஏறியது. இயக்கத்தில் இருக்கும் உங்களுக்கு இது முக்கியம். பிறகு இதற்கு வருகிறேன்.

ஆக, “சுன்னத் செய்யத் திட்டமிடுகிறார்” என்று நீங்கள் கொடுக்கும் புகாரை எந்தக் காவல் நிலையமும் குற்றமாகப் பதிவு செய்யாது. மனைவியின் மனத்தில் மட்டும் அது பதிவாகும், ஆயுளுக்கும்.

உங்கள் சம்மதம் இல்லாமல் நடக்கக் கூடாது

உங்கள் கடிதம் முழுவதும் சட்டம் வந்தால்தான் பையனைக் காப்பாற்ற முடியும் என்ற தவிப்பு தெரிகிறது. அப்படி இல்லை. 1631டி பிரிவு பெற்றோருக்குச் சம்மதம் தரும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. திருமணமான நீங்கள் இருவருமே மகனுக்குச் சமமான பொறுப்பாளர்கள். திருப்ப முடியாத ஓர் அறுவைக்கு இருவரின் சம்மதமும் வேண்டும். ஒருவர் மறுத்தால் ஜெர்மனியில் எந்தப் பொறுப்புள்ள மருத்துவரும் கத்தியை எடுக்க மாட்டார்.

மனைவி விடாப்பிடியாக நின்றால் அதே சிவில் சட்டத் தொகுப்பில் 1628ஆம் பிரிவு இருக்கிறது. முக்கியமான ஒரு விஷயத்தில் பெற்றோர் ஒத்துப்போகாவிட்டால், அந்த ஒரு முடிவை மட்டும் யார் எடுப்பது என்று குடும்ப நீதிமன்றம் தீர்மானிக்கும். உங்கள் பக்கமே தீர்ப்பாகும் என்று உறுதி கொடுக்க என்னால் முடியாது. ஆனால் இன்று செய்யாவிட்டால் நாளை செய்துகொள்ளலாம், இன்று செய்துவிட்டால் நாளை மாற்ற முடியாது என்ற வாதம் நீதிபதிகளிடம் எடுபடும். ஹம் நகர மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013 ஆகஸ்டில் கிட்டத்தட்ட உங்கள் நிலைமையை ஒத்த ஒன்றைப் பார்த்தது. கென்யாவைப் பூர்வீகமாகக் கொண்ட தாய், அங்குள்ள உறவினர்கள் தன் ஆறு வயது மகனை முழு ஆணாக மதிக்க வேண்டும் என்று சுன்னத் செய்ய விரும்பினார். குடும்பம் ஜெர்மனியில் நிலையாக வாழ்கிறது, கென்யாவுக்கு எப்போதாவதுதான் போகிறார்கள் என்பதை நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. அந்த வயதுப் பிள்ளையிடம் அவனுக்குப் புரியும் விதத்தில் பேசி அவன் விருப்பத்தையும் கேட்டிருக்க வேண்டும் என்றது. அந்த ஒரு முடிவை எடுக்கும் உரிமையைத் தாயிடமிருந்து தற்காலிகமாக விலக்கிவைத்தது. இங்கிலாந்திலும் 2016இல், அல்ஜீரியத் தந்தை கேட்ட வழக்கில், ஆறும் நான்கும் வயதான இரு சிறுவர்கள் தாங்களே முடிவு செய்யும் பக்குவம் வரும்வரை தள்ளிவைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

பையனின் விருப்பம் என்ன என்று உங்கள் நீண்ட கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை. ஐந்தரை வயதில் அவனால் சட்டப்படி சம்மதிக்கவோ மறுக்கவோ முடியாது. ஆனால் அவனுக்கு என்ன தெரியும், எதற்குப் பயப்படுகிறான், மாமா பிள்ளைகளோடு மாலை போட்டுக் காரில் போக ஆசைப்படுகிறானா என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் பயத்தை அவன்மேல் ஏற்றாமல் கேளுங்கள்.

அவசரம் ஜூலைப் பயணத்தில்தான் இருக்கிறது. மகன் வாழ்வது ஜெர்மனியில் என்பதால் அவனைப் பற்றி முடிவு செய்யும் அதிகாரம் இங்குள்ள குடும்ப நீதிமன்றத்துக்கு உண்டு. ஆனால் அதன் உத்தரவைக் காட்டித் தஞ்சாவூரில் ஒரு மண்டபத்தை நிறுத்த முடியாது. இந்தியாவில் சுன்னத்துக்குத் தடை கிடையாது. சிறுவர்களுக்குச் செய்வதைச் சட்டவிரோதமாக அறிவிக்கக் கேட்ட மனுவைக் கேரள உயர் நீதிமன்றம் 2023இல் தள்ளுபடி செய்துவிட்டது. தாயும் தாத்தாவும் நிற்கும்போது, தந்தை எங்கே என்று அங்கே யாரும் துருவிக் கேட்க மாட்டார்கள். ஆகவே பேச்சில் தீராவிட்டால், விமானம் ஏறுவதற்கு முன்பே நீதிமன்றத்தில் இடைக்கால உத்தரவு கேட்க வேண்டும். ஜூன் நடுவுக்குள் ஒரு முடிவு தெரியாவிட்டால் உள்ளூர்க் குடும்பநல வழக்கறிஞரைப் பாருங்கள். வேறு வழியே இல்லையென்றால், பையன் இந்த முறை பயணம் போகாமல் இருப்பதும் ஒரு வழிதான். ஆனால் அதைச் சொல்லி மிரட்டாதீர்கள்.

சிறார் நல அலுவலகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம்மவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே குலை நடுங்குகிறது, பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று. அவர்களிடம் இலவசக் குடும்ப ஆலோசனையும் உண்டு. புகாராக எழுதாமல், “எங்கள் இருவருக்கும் ஆலோசனை வேண்டும்” என்று கேட்டு, மனைவியோடு சேர்ந்து போங்கள்.

மனைவியோடு பேசுவது

கடிதத்தில் மனைவியைப் பற்றி வரும் ஒவ்வொரு வரியிலும் கோபம் இருக்கிறது. “அவள் என் மகனை வெட்டக் கொடுக்கப் பார்க்கிறாள்” என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் மறைத்தது தவறு. அதைத் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் அவர் அஞ்சுவது என்ன? பிள்ளை ஊரில் அந்நியனாகிவிடுவானோ, பெரியவனான பிறகு செய்தால் வலி கூடுமோ, பெண் கொடுப்பார்களா, ஜமாஅத்தில் என்ன பேசுவார்கள், தன் அத்தா கொடுத்த வாக்கு என்ன ஆகும் என்பவை. பிள்ளைமேல் உள்ள பாசத்தில் பிறந்த பயங்கள்தான் இவை.

மார்க்கத்துக்குள்ளேயே உங்களுக்கு இடம் இருக்கிறது. குர்ஆனில் சுன்னத்தைப் பற்றிய வசனம் இல்லை, ஹதீஸ்களில்தான் (நபிமொழிகளில்) வருகிறது. இஸ்லாமியச் சட்ட வழிகளில் ஒன்றான ஷாஃபி வழியினர் அதைக் கட்டாயம் என்கிறார்கள். ராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஹனஃபி வழியில் அது வலியுறுத்தப்பட்ட வழிமுறை. யூதர்களுக்கு இருப்பதுபோல எட்டாம் நாள் என்ற கெடு முஸ்லிம்களுக்குக் கிடையாது. நம்மூரிலேயே ஒரு வீட்டில் மூன்று வயதில் செய்கிறார்கள், இன்னொரு வீட்டில் பத்து வயதில். மாமனார் மதிக்கும் ஓர் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்), இன்னும் சில வருடங்கள் பொறுத்துப் பையனே கேட்கும்போது செய்யலாமா என்று கேட்டுப் பாருங்கள். “வேண்டவே வேண்டாம்” என்பதற்கும் “இந்த ஜூலையில்” என்பதற்கும் நடுவே மனைவியால் ஏற்றுக்கொள்ளக்கூடிய ஒரு பதில் அங்கே இருக்கலாம். உங்களுக்கு அது முழு வெற்றியாகத் தோன்றாது. மகனுக்கு அது போதும்.

மருத்துவத்தைப் பேசும்போது மிகைப்படுத்தாதீர்கள். எந்த நன்மையும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டாவில் நடந்த ஆய்வுகளில், சுன்னத் செய்துகொண்ட ஆண்களுக்குப் பெண்களுடனான உறவு மூலம் எச்.ஐ.வி. தொற்றுவது சுமார் 60 சதவீதம் குறைந்தது. அதன் அடிப்படையில் 2007இல் உலக சுகாதார நிறுவனம், அந்த நோய் மிகுந்த பகுதிகளுக்கு அதைப் பரிந்துரைத்தது. மனைவி இதைக் கூகுளில் படித்துவிட்டு உங்களைப் பொய்யர் என்பார். அந்த ஆய்வுகளில் சேர்ந்தவர்கள் தாங்களே விரும்பி முன்வந்த வளர்ந்த ஆண்கள் என்பதைச் சொல்லுங்கள்; காத்திருப்பதற்கு அதுவே நல்ல காரணம். நெதர்லாந்து மருத்துவர் சங்கம் 2010இல், மருத்துவத் தேவையில்லாமல் சிறுவர்களுக்குச் செய்வதைத் தவிர்க்கும்படி சொன்னது. கூடவே, தடைச் சட்டம் போட்டால் வழக்கம் மறைவிடங்களுக்குப் போய்விடும் என்ற கவலையையும் சேர்த்துச் சொன்னது. “தோல் பின்னால் போகவில்லை, செய்தே ஆக வேண்டும்” என்று யாராவது சொன்னால், இந்த வயதில் பெரும்பாலும் அது இயல்பு என்பதையும், தொந்தரவு இருந்தால் முதலில் களிம்பு மருந்துதான் என்பதையும் குழந்தை மருத்துவர் விளக்குவார்.

இயக்கமும் மேடையும்

சட்டத்துக்கு உட்பட்ட ஒரு கூட்டத்தில் பேசியதற்காகக் குடியுரிமையை மறுக்க முடியாது. நாடாளுமன்றத்துக்கு மனுக் கொடுக்கும் உரிமையையும் அடிப்படைச் சட்டத்தின் (ஜெர்மன் அரசியலமைப்பின்) 17ஆம் பிரிவு ஒவ்வொரு மனிதருக்கும் தருகிறது. ஜெர்மன் பாஸ்போர்ட் தேவையில்லை. போய்ப் பேசுங்கள். என் மனமும் உங்கள் பக்கம்தான். மருத்துவத் தேவையில்லாத, திருப்ப முடியாத ஒன்றை, அந்த உடலுக்குரியவன் வாய் திறந்து சொல்லும் வயது வரும்வரை தள்ளிவைக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் என்ன கேட்கிறீர்கள் என்பதில் தெளிவு வேண்டும். 2012 டிசம்பரில் அரசின் மசோதாவோடு இன்னொரு மசோதாவும் நாடாளுமன்றத்தில் இருந்தது. மார்லேனே ருப்ரெக்ட் உள்ளிட்ட பல கட்சி உறுப்பினர்கள் கொண்டுவந்தது. பையனுக்கு 14 வயது ஆகி, அவனே புரிந்து சம்மதித்து, மருத்துவர் செய்தால் மட்டுமே அனுமதி என்றது. அந்த 14 வயதுக்கு ஜெர்மன் சட்டத்தில் பழைய வேர் இருக்கிறது: 1921ஆம் ஆண்டின் சட்டப்படி 14 வயதில் பிள்ளை தன் மதத்தைத் தானே தேர்ந்துகொள்ளலாம். மசோதா தோற்றது, ஆனால் “தடை” என்ற சொல்லைவிடப் பேசுவதற்குத் தகுந்த இடம் அது. முஸ்லிம் குடும்பங்களுக்கு 14 வயதுவரை காத்திருப்பது கடினம், ஆனால் முடியும். யூதக் குடும்பங்களுக்கு அதே சட்டம் எட்டாம் நாள் கடமையை முற்றாக மூடிவிடும். இந்த வித்தியாசத்தை உங்கள் அமைப்பில் எத்தனை பேர் உணர்ந்திருக்கிறார்கள்? மேடையில் நீங்கள்தான் இதைச் சொல்ல முடியும்.

கொலோன் தீர்ப்புக்கு நேர்ந்தது மற்ற இடங்களிலும் நடந்திருக்கிறது. 2011இல் சான்பிரான்சிஸ்கோவில் 18 வயதுக்கு உட்பட்டோருக்குத் தடை கேட்டு வாக்கெடுப்புக்குக் கையெழுத்துத் திரட்டினார்கள். பிரசாரத்தில் ஒருவர் உருவாக்கிய படக்கதையில், சுன்னத் செய்யும் யூதச் சடங்காளரைக் கொடூரனாகக் காட்டியிருந்தார். நகரத்துக்கு இதில் அதிகாரமில்லை என்று நீதிபதி வாக்குச்சீட்டிலிருந்து அதை நீக்கினார். அதே ஆண்டு, எந்த நகரமும் இப்படித் தடை போடக் கூடாது என்று கலிபோர்னியா மாநிலமே சட்டம் இயற்றியது. ஐஸ்லாந்தில் 2018இல் ஆறு ஆண்டுச் சிறைவரை விதிக்கும் மசோதா வந்தது. நூற்றுக்கணக்கான மருத்துவர்கள் ஆதரித்தும் அது சட்டமாகவில்லை. சிறை என்று சொன்னவுடன் பேச்சு பையனை விட்டுவிட்டுச் சமூகத்தின்மேல் திரும்பிவிடுகிறது.

உங்கள் பதிவுகளைப் பகிர்பவர்களில் சிலர் முஸ்லிம்களைக் காட்டுமிராண்டிகள் என்று எழுதுவதாகவும், “லட்சியம் ஒன்றுதானே” என்று கண்டுகொள்ளாமல் விட்டதாகவும் சொல்கிறீர்கள். லட்சியம் ஒன்றல்ல. உங்கள் உம்மாவை இந்த நாட்டிலிருந்து விரட்ட நினைப்பவருக்கு உங்கள் மகனின் உடல்மேல் அக்கறை இருக்க முடியாது. அந்தக் கருத்துகளை நீக்குங்கள், வெளிப்படையாக மறுத்து எழுதுங்கள். அமைப்பு அதற்குத் தயங்கினால் வேறு அமைப்பைத் தேடுங்கள்.

மகனை மேடையேற்ற வேண்டாம். பதாகையோடு அவனைப் படம் எடுக்கவும் வேண்டாம். அவன் உடலைப் பற்றி, அவன் அம்மாவுக்கு எதிராக, அவனுக்குப் புரியாத ஒரு கூட்டத்தில் அவனை நிறுத்துவதற்கும் அவனிடம் சம்மதம் வாங்க முடியாது. அந்தப் படம் அவன் பன்னிரண்டாம் வயதில் வகுப்புத் தோழர்களின் கைபேசியில் வந்து நிற்கும். தாயும் சம்மதிக்காத நிலையில் அவன் படத்தை வெளியிடுவது குடும்ப நீதிமன்றத்திலும் உங்களுக்கு எதிராகத் திரும்பலாம். உரலில் உட்கார்ந்த ஏழு வயதுப் பையனைப் பற்றிப் பேசுங்கள். அந்தக் கதைக்குச் சொந்தக்காரர் நீங்கள்.

கூட்டத்துக்குப் போவதற்கு முன் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போங்கள். என்ன பேசப்போகிறீர்கள் என்பதை அவருக்கு முதலில் படித்துக் காட்ட முடிந்தால் இன்னும் நல்லது. உங்களுக்கு ஏழு வயதில் நடந்ததை அவரிடம் இதுவரை முழுதாகச் சொன்னதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. மாமனாரிடம் நீங்களே பேசுங்கள், மனைவியைத் தூது அனுப்பாதீர்கள். மண்டபத்தை ரத்து செய்யச் சொல்ல வேண்டியதில்லை. மைத்துனரின் பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்பது அவர்கள் வீட்டு முடிவு. உங்கள் மகன் விருந்துக்கு வருவான், இந்த முறை அவ்வளவுதான் என்று சொல்லுங்கள். அந்தப் பேச்சு எப்படிப் போனது என்று எழுதுங்கள். ஜூனில் நீதிமன்றம் போகும் நிலை வந்தால், என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்பதை அப்போது தனியே விவரமாக எழுதுகிறேன்.